பேய்ப்பெட்டி

சின்னராசா எனக்கு இருபத்தேழு ரூபாய் ஐம்பது சதம் தரவேண்டியிருந்தது. பெரிய தொகை என்று சொல்லமாட்டேன். அந்த நாளில் என் கணக்குக்குப் பன்னிரண்டு நாள் சம்பளம் வரும், அவ்வளவுதான்.

ஐயா இதை வாசிக்கும்போது எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும். நாற்பத்து மூன்று வயதில்தான் அ, ஆ படித்தேன். அந்த வயதில் ஏன் படித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவும் இந்தக் காரியத்தோடு சேர்ந்ததுதான்.

என் பெயர் பழனியாண்டி. லிந்துலைப் பக்கம் சாமிக்கல் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், பெட்டி அடிக்கிறேன். கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து, சலித்துத் தூளாக வந்த பிறகு அதைக் கொழும்புக்கு அனுப்பப் பெட்டி வேண்டும். நாலு பக்கமும் மெல்லிய பலகை, விளிம்புக்குத் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள். ஈயத்தாளின் ஓரத்தைப் பசை தடவி மடித்து ஒட்டிவிட்டால் காற்று நுழையாது. காற்று நுழைந்தால் தேயிலை நமுத்துப்போகும். ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி அடிப்பேன். இத்தனை வருஷத்தில் நான் அடித்த பெட்டி ஒன்றுகூடக் கொழும்பிலிருந்து குற்றம் சொல்லித் திரும்பி வந்ததில்லை. கை சுத்தம் என்று, தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஐயாவே சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த பெரிய துரை ஸ்கொட்லாந்துக்காரர். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் கொழும்பிலிருந்து தகரப் பெட்டியில் படச்சுருள்கள் ரயிலில் வரும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டோர் மேல்மாடியில், கொழுந்து வாடப்போடுகிற சாக்குத் தட்டுகளைச் சுருட்டிவிட்டு, ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிப் பேய்ப்படம் போடுவார். முப்பத்தோராந் திகதி கடைசிப் படம். அன்றைக்கு அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் துரைசாணிமாரும் வருவார்கள். அவர்கள் ஊரில் அன்று செத்தவர்கள் வெளியே வருகிற நாளாம். பங்களாவில் சமைக்கிற பத்திநாதன் அப்பு வேதக்காரர், அவர்தான் எங்களுக்கு இதைச் சொன்னவர். "ரெண்டு நாள் கழிச்சு நாங்க கல்லறையில மெழுகுதிரி கொளுத்துறோம். துரைக்கு அம்புட்டுப் பொறுமை இல்ல, முன்னாடியே படம் காட்டிப்புடுறாரு" என்பார்.

படங்கள் எல்லாம் அப்போதே பழசு. பேச்சுக் கிடையாது. லண்டனில்கூட இதையெல்லாம் பார்க்க இப்போது ஆளில்லை என்று துரையே சொல்வாராம். படம் முழுக்கக் கீறல் விழுந்து, எந்த ஊர்க் கதையானாலும் நம்முடைய ஆனி மாதம் போல மழை பெய்துகொண்டே இருக்கும். துரைமார் திரைக்கு முன்னால் நாற்காலியில். எங்கள் சனம் திரைக்குப் பின்னால் தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து பார்க்கும். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். வெள்ளைக்காரன் ஊரில் எல்லாருக்கும் இடதுகைப் பழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பேய்களுக்கு எங்கள் சனம் பேர் வைத்திருந்தது. ஒரு படத்தில் கடலோர வெளிச்சக்கூடத்துப் படிகளில் நெட்டையாக ஒரு பேய் ஏறிவரும், அதற்கு, எங்களை மலையில் வேலை வாங்கின பழைய கண்டாக்கையாவின் பேர். அது வந்தாலே பெண்டுகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

கடைசி நாள் போடுகிற படம் ஒரு மணிக்கூடு திருத்துகிறவனைப் பற்றியது. பெண்சாதி சாகும்போது அவளுடைய கடைசி மூச்சை ஒரு போத்தலில் பிடித்து அடைத்துவைத்திருப்பான். முடிவில் அதைத் திறப்பான். அவன் திறக்கிற நேரம் பார்த்துத் துரை ஒரு வேடிக்கை செய்வார். திரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிற்கும். அதிலிருந்து நிஜமாகவே ஒரு பேய் எழும்பும்.

அந்தப் பெட்டியைச் செய்தது நான். இரண்டு தேயிலைப் பெட்டியை ஒன்றாக்கி, முதுகுப் பக்கம் காற்றுக்கு ஓட்டை போட்டு, ஓர் ஆள் குந்தியிருக்கிற மாதிரிச் செய்தேன். படம் தொடங்கும்போது விருந்தாளிகள் கண்முன்னால் ஆளை உள்ளே இருத்தி மூடியை ஆணி அடித்து மூடவேண்டும். ஆணியெல்லாம் வெட்டின ஆணி, தலைதான் இருக்கும், கால் அரை விரல்கடை இராது. உள்ளேயிருந்து தோளால் ஒரு தள்ளுத் தள்ளினால் மூடி கழன்றுவிடும். படம் ஓடும்போது அவ்வப்போது உள்ளேயிருந்து தட்டவேண்டும், முனகவேண்டும். துரை விசில் அடித்ததும் எழும்பவேண்டும். அதற்குப் பத்து ரூபாய்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதிலிருந்து ஐம்பத்து நாலு வரைக்கும் ஐந்து வருஷம் அந்தப் பேய் நான்தான். முகத்தில் சுண்ணாம்பு, மேலே ஒரு சாக்கு. நான் எழும்பும்போது முன்வரிசையில் இருக்கிற துரைமார் நாற்காலியோடு பின்னுக்குப் போவார்கள். ஒரு வருஷம் டிம்புள்ளப் பக்கத்துத் துரைசாணி ஒருத்தி என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு எல்லாரும் சிரிப்பார்கள், விளக்குப் போடுவார்கள், நான் பின்படியால் இறங்கிப் போவேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சின்னராசா ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுகிறவன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது காம்பரா. பெண்சாதி பூரணி கொழுந்து எடுக்கிறவள். இரண்டு பெண்பிள்ளைகள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அவன் பேசுகிற இடத்தில் ஆள் கூடும். ஐம்பத்து நாலு கடைசியில் சின்னத்துரை சீமைக்குப் போகும்போது சாமான்களை ஏலம் விட்டார். மேசை, மெத்தை, நாய்ச்சங்கிலி என்று எல்லாம் போனது. வால்வைத்த கறுப்புக் கோட்டு ஒன்று வந்தது. சின்னராசாவுக்கு அது வேண்டுமாம்.

"மலையில விறகு சுமக்கிறவனுக்கு எதுக்குடா வாலு" என்று கேட்டேன்.

"குரங்குன்னு சொல்றாங்கல்ல அண்ணே, வாலோட இருந்துட்டுப் போறேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, மடியிலிருந்த இருபத்தேழு ரூபாய் ஐம்பது சதத்தை எடுத்துக் கொடுத்தேன். தீபாவளிச் செலவு போக மிச்சம்பிடித்து வைத்திருந்த காசு.

அடுத்த வருஷம் ஒக்டோபரில் அவன் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டோர் வாசலில் நின்றான். துரை பார்த்தார். கோட்டின் வாலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். இந்த வருஷம் பேய் இவன் என்றார். என்னைப் பார்த்து, நீ பெட்டியை மட்டும் அடி என்றார். தப்பாகச் சொல்லவில்லை. பெட்டி அடிப்பதுதான் என் வேலை.

அன்றைக்கு முதல்தரமாகத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் கடைசிப் படத்தை முழுசாகப் பார்த்தேன். விசில் கேட்டதும் சின்னராசா எழும்பினான். கோட்டின் கையை நீட்டி, கழுத்தைச் சாய்த்து, ஒரு துரைசாணியிடம் குனிந்து அவள் கையைக் கேட்டான். அவள் அலறிவிட்டு அடுத்த நொடி விழுந்துவிழுந்து சிரித்தாள். கைதட்டல் நிற்கவில்லை. பத்துக்குப் பதினைந்தாகக் கொடுத்தார் துரை.

மறுநாள் என் காசைக் கேட்டேன். பதினைந்து ரூபாயும் அதற்குள் ஆட்டிறைச்சியாகவும் சாராயமாகவும் பிள்ளைகளுக்குச் சட்டையாகவும் போயிருந்தது. அந்த இறைச்சியை நானும் தின்றேன் என்பதை மறைக்கவில்லை. "காசு கோட்டுப் பைக்குள்ளதான் அண்ணே வச்சேன், பேய் எடுத்துட்டுப் போயிருச்சு" என்றான். அப்புறம் லயத்து முற்றத்தில் நான் பேயாக எழும்புவது எப்படி என்று செய்து காட்டினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கக்கூசிலிருந்து எழும்புகிற கிழவன் மாதிரி. சின்னப் பிள்ளைகள்கூட அதைப் பழகிக்கொண்டன. நான் தண்ணிப் பீலிக்குப் போனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று எழும்பும்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை ஐயா நம்பவேண்டும். கோபக்காரன் என்று தோட்டத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள், என் பேரைச் சொல்லமாட்டார்கள்.

இனி ஐம்பத்தாறாம் வருஷம்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும். அந்த வருஷம் ஆடி மாதம், ஈயத்தாள் ஒட்டி முடித்த வெறும் பெட்டி ஒன்றுக்குள் ஸ்டோர் பூனைக்குட்டி போய்ப் படுத்திருக்கிறது. தெரியாமல் மூடி அடுக்கிவிட்டேன். மறுநாள் பெட்டி குறைகிறதென்று திறந்தபோது கிடந்தது. காயம் ஒன்றும் இல்லை. ஈயத்தாளில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பிறாண்டியிருந்தது. உள்பலகையைத் துடைத்து, தாளை மாற்றி, அதே பெட்டியில் தேயிலை போட்டு அனுப்பினேன். ஆக, எனக்குத் தெரியும். விசாரணையில் யாரும் பூனையைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒக்டோபர் இருபத்தொன்பதாந் திகதி பேய்ப்பெட்டியைப் புதிதாகச் செய்யச் சொன்னார்கள், பழையது கறையான் அரித்துவிட்டது. செய்தேன். முதுகுப் பக்கம் ஓட்டை போடவில்லை. விளிம்புக்குத் தகரப் பட்டி வைத்தேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டினேன், ஓரங்களை இரண்டு மடிப்பு மடித்தேன். மூடியின் உள்பக்கமும் ஒட்டி, நாலு சுற்றும் தாளை வெளியே விட்டேன், அடிக்கும்போது பலகைக்கு நடுவே நெரிந்து இறுகும். நல்ல பெட்டி. அதைப்போல ஒன்று நான் முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

முப்பத்தோராந் திகதி சாயங்காலம் ஆறு மணிபோல வந்தார்கள். சின்னராசா கோட்டோடு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, உள்ளுக்கு வெள்ளித்தேர் கட்டி வச்சிருக்கீங்க."

"ஈரக்காத்து அடிக்குது. குளிர் வராம இருக்கட்டும்னு ஒட்டினேன்" என்றேன்.

அவன் திரைக்குப் பின்னால் இருந்த பூரணியைப் பார்த்து, "பாத்தியா புள்ள, அண்ணனுக்கு நம்ம மேல இருக்கிற பாசத்த" என்றான். அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "இன்னிக்குத் துரை குடுக்கிறத அப்படியே உங்க கையில தந்துர்றேன் அண்ணே. சத்தியமா" என்றான். உள்ளே போய்க் குந்தினான்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். வெட்டின ஆணிகள் ஒரு பையிலும் முழு ஆணிகள் ஒரு பையிலும் இருந்தன. முழு ஆணியை எடுத்தேன். பக்கத்துக்கு ஆறு. ஒரு துரைசாணி தானும் ஓர் ஆணி அடிக்கவேண்டும் என்று கேட்டாள். சுத்தியலைக் கொடுத்தேன். அவளுக்கு அடிக்க வரவில்லை, வளைந்துவிட்டது. அதைப் பிடுங்கி வேறு அடித்தேன். உள்ளேயிருந்து சின்னராசாவின் குரல் கேட்டது.

"மெதுவாண்ணே, தேயிலை தூளாயிரப்போவுது."

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.

படம் ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஓடும். நான் போய்த் திரைக்குப் பின்னால் பூரணிக்கும் பத்திநாதன் அப்புவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். முதலில் வழக்கம்போல இரண்டு தட்டு, ஒரு முனகல். துரைமார் பக்கம் சிரிப்பு. மணிக்கூடு திருத்துகிறவன் போத்தலோடு ஆற்றங்கரையில் நடக்கிற இடம் வரை அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு தட்டு அதிகமானது. கையால் தட்டினான், காலால் உதைத்தான். பெட்டி தரையில் அரக்கி நகர்ந்தது. ஏதோ கத்தினான், ஈயத்தாளுக்கும் பலகைக்கும் வெளியே அது வார்த்தையாக வரவில்லை. ஒரு துரை எழுந்து நின்று பெட்டியைப் பார்த்துக் கைதட்டினார்.

பூரணி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "மனுசன் இன்னிக்கு என்னமாத் தட்டுறாரு. உங்க காசக் குடுக்கணும்னு வேகம் போல அண்ணே."

நான் ஆமாம் என்றேன்.

அவள் மடியில் சின்னப்பிள்ளை படுத்திருந்தது. அது மட்டும் அழுதது. பயந்துவிட்டது என்று பூரணி அதன் காதைப் பொத்தினாள்.

எவ்வளவு நேரம் தட்டினான் என்று விசாரணையில் கேட்டார்கள். எனக்கு மணி தெரியாது என்றேன். உண்மையில் தெரியும். படத்தில் மணிக்கூடு திருத்துகிறவன் கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஏறுகிற இடத்தில் தட்டுக் குறைந்தது. ஒரு கிழவி அவனுக்குக் கதவைத் திறக்கிற இடத்தில் ஒரு தட்டு. அப்புறம் நகத்தால் சுரண்டுகிற மாதிரி. அப்புறம் படம் மட்டுந்தான். அந்தப் படத்தை நான் முழுசாகப் பார்த்தது அது இரண்டாந்தரம். போத்தலைத் திறக்கும்போது அதற்குள் ஒன்றும் இராது, தெரியுமா. அவன் இத்தனை வருஷம் வெறும் போத்தலைத்தான் காத்துவந்திருக்கிறான்.

துரை விசில் அடித்தார். மறுபடி அடித்தார். விருந்தாளிகள் சிரித்தார்கள், இதுவும் ஒரு வேடிக்கை என்று. மூன்றாந்தரம் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார். ஆணி பிடுங்குகிற கோடாலிச் சுத்தியல் கீழே பெட்டி அறையில் இருந்தது. இறங்கிப் போய் எடுத்து வந்தேன். ஓடவில்லை. அந்த மரப்படி எண்ணெய் படிந்து வழுக்கும், ஓடி விழுந்தவர்கள் இருக்கிறார்கள். இருபத்து நாலு ஆணியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மூடியைத் தூக்கினேன். விளக்கைப் போட்டார்கள்.

அவன் முகத்தைப் பற்றி எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன். ஈயத்தாள் எல்லாம் கிழிந்து விரலில் சுற்றியிருந்தது. பலகை கிழியவில்லை.

முன்வரிசை நாற்காலிகள் பின்னுக்குப் போயின. நான் சுத்தியலோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பெரிய துரையும் பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கைப்பழக்கம் என்று சொன்னேன். நாள்தோறும் நாற்பது பெட்டி அடிக்கிற கை, ஈயத்தாளை ஒட்டாமல் விடத் தெரியாது, ஆணியை எடுத்தால் முழு ஆணியைத்தான் எடுக்கும் என்று சொன்னேன். டீமேக்கர் ஐயா அதையே சொன்னார். பத்திநாதன் அப்பு அழுதுகொண்டே, "பாவம், அவனுக்குத் தேயிலை அடைக்கத்தானே தெரியும்" என்றார். விசாரணைக்கு வந்த அதிகாரி எழுதிக்கொண்டு போனார். தவறுதலாக நேர்ந்த மரணம். துரை பூரணிக்கு நூறு ரூபாய் கொடுத்தார், அது அடக்கத்துக்கும் பதினாறுக்கும் போனது. கோட்டோடுதான் புதைத்தோம். அடுத்த வருஷத்திலிருந்து படச்சுருள் வரவில்லை.

பொலிஸ் ஐயா, நான் இதைத் தெரிந்தே செய்தேன். கைப்பழக்கம் இல்லை. காசுக்காகவும் இல்லை. செத்தவன் எப்படிக் காசு தருவான், அந்த அளவுக்கு எனக்குப் புத்தி உண்டு. பின்னே எதற்காக என்று ஐந்து வருஷம் யோசித்தேன். எழுதக் கற்ற பிறகு எழுதியும் பார்த்தேன். அந்த இடத்தில் பென்சில் நின்றுவிடுகிறது.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

பதினாறு முடிந்த மறுவாரம் பூரணி என் காம்பராவுக்கு வந்தாள். கடனோடு செத்தவன் ஆவி அலையும் என்று அவளுக்கு ஒரு பயம். "மாசம் அம்பது சதம் தாறேன் அண்ணே, தயவுபண்ணி வாங்கிக்கங்க" என்றாள். நான் அப்போதே உங்களிடம் வந்திருந்தால் அவள் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள்? அந்தக் கடன் அவள் தலையில் அப்படியே நின்றிருக்கும். இதை நான் யோசித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எனக்கும் தெரியாது. கணக்குத் தப்பினால் பாவம். அதற்காகத்தான் தொழிற்சங்கத்துக்காரர்கள் லயத்தில் நடத்திய சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். என் பேரை எழுதுவதற்கு முன்னால் பூரணி என்று எழுதப் பழகினேன்.

ஐம்பத்தாறு டிசம்பரில் தொடங்கி ஐம்பத்தைந்து தரம் கொடுத்தாள். இடையில் ஏழு மாதம் தவறியது. இரண்டு மாதம் மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல், மற்றது மழையில் வேலை குறைவு. அதற்கு நான் வட்டி கேட்கவில்லை.

போன சம்பளத்தன்று கடைசி ஐம்பது சதத்தைக் கொண்டுவந்தாள். கொப்பியில் எழுதி, கீழே கோடு கீறி, அவள் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்து அடையாளம் எடுத்தேன்.

"இனி ஒண்ணும் இல்லையே அண்ணே?"

"இல்லம்மா. முடிஞ்சுது."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவருக்கு இனியாவது மூச்சு லேசாகும். நீங்க இருந்ததால ஆச்சு, வேற யாருன்னா என்னைய நெருக்கியிருப்பாங்க" என்று சொல்லி, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கொப்பியையும் இதோடு வைத்திருக்கிறேன், ஐயா கூட்டிப் பார்க்கலாம். ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சின்னராசா இப்போது எனக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை. நானும் யாருக்கும் ஒன்றும் தரவேண்டியதில்லை.